யவனர் மெய்ப்பொருளும் பேராசிரியர் சுந்தரனாரும்

பண்டைக் கிரேக்கரும் உரோமரும் ஆராய்ந்து எழுதிவைத்த மெய்ப்பொருள் நூல்களைக் கற்பதனால் நம்மனோர்க்கு யாது பயன் என்னும் வினா இயல்பாக எழக்கூடியதே. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு இவ்வெல்லைப்புறத்துக்கு வந்து குடியேறியவர்கள் நாம். மாத ஊதியம், பிள்ளைகளின் படிப்பு, பெண்களின் திருமணம், ஊரில் உள்ள முதியோர்க்கு அனுப்பவேண்டிய பணம் ஆகிய கவலைகளுக்கிடையே சாக்ரடீஸ் யார், பிளேட்டோ யார் என்று ஆராய நேரம் ஏது என்பர் ஒரு சாரார். அவற்றைக் கற்கவேண்டுமாயின் ஆங்கிலத்தில் கற்றுக்கொள்ளலாமே, தமிழில் கற்க என்ன இருக்கிறது என்பர் மற்றொரு சாரார்.

இவ்விரண்டனுள் பின்னையோர் கூற்றே யான் பெரிதும் கவலையோடு நோக்குவது. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் கல்லூரியில் ஆங்கிலமும் பயில்கின்றனர். அது வேண்டுவதே, வாழும் நாட்டின் மொழியையும் உலக மொழியையும் கல்லாதவர் முன்னேற இயலாது. ஆனால் அந்நிலையில் தமிழ் என்ன ஆகிறது? அடுக்களையிலும் கடைவீதியிலும் பேசும் அளவில் அது நின்றுவிடுகிறது. உயர்ந்த கருத்து எதுவாயினும் அதற்கு வேற்றுமொழியே வேண்டும் என்னும் எண்ணம் பிள்ளைகளின் நெஞ்சில் வேரூன்றிவிட்டால், அவர்தம் மக்கள் தலைமுறையில் தமிழ் நம் வீடுகளில் இராது. இவ்வச்சத்திற்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. கொல்லயிலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் நாம் அடையக்கூடிய திருவனந்தபுரத்திலேயே அவ்விடை கிடைக்கிறது. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யவனர் கலங்கள்

கிரேக்கரையும் உரோமரையும் நம் முன்னோர் யவனர் என்றனர். அவர்தம் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு திரும்பிய செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு முசிறித் துறையை வைத்துக் கூறுகிறது. யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூறும், யவனர் செய்த பாவை விளக்கை நெடுநல்வாடையும் குறிக்கின்றன. கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய செங்கடல் வழிநூல், குமரித் துறையையும் அங்கு நோன்பிருந்து நீராடுவோரையும் சொல்கிறது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோமர், ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று வருந்தி எழுதினார்.

இவ்வாறு பொன்னும் மதுவும் விளக்கும் வந்தன. யவனரின் மெய்ப்பொருள் நூல்களோ அக்கலங்களில் ஏறி வந்து தமிழில் இறங்கவில்லை. சரக்கைச் சுமக்கக் கப்பல் போதும். கருத்தைச் சுமப்பதற்கு மொழி வேண்டும். தமிழர்க்கு அன்று மெய்ப்பொருள் ஆராய்ச்சி இல்லாமலில்லை. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயக் கணக்கரையும் கண்டு, ஒவ்வொருவர் கொள்கையையும் கேட்டு, ஆராய்ந்து தள்ளியும் கொண்டும் நின்றதைச் சாத்தனார் விரித்துரைக்கிறார். அளவை, ஏது, பக்கம் முதலிய தருக்கச் சொற்கள் அந்நூலில் நிரம்ப உள்ளன. சேர நாட்டுத் தலைநகரில் ஓர் இளம் பெண் தமிழில் தத்துவ வாதம் கேட்டாள் என்பதை நம் வீட்டுப் பெண்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஏதென்ஸ் நகரின் கொடை

இனி, அக்கிரேக்கர் ஆராய்ந்தது யாது என்பதைச் சுருங்கக் காண்போம். சிற்றாசியாவின் கரையில் மிலேத்து என்றொரு துறைமுக நகர் இருந்தது. கி. மு. ஆறாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த தேல்ஸ் என்பவர், உலகம் எப்பொருளால் ஆனது என்று வினவி, நீரே எல்லாவற்றிற்கும் முதல் என்றார். விடை பிழையாயிருக்கலாம், ஆனால் பழங்கதைகளை விடுத்து, கண்டவற்றைக் கொண்டு காரணம் தேடிய அவ்வினாவே மேனாட்டு மெய்ப்பொருளியலின் தொடக்கம் என்பர் அறிஞர்.

அடுத்து ஏதென்ஸ் நகரில் சாக்ரடீஸ் தோன்றினார். அவர் நூல் ஒன்றும் எழுதவில்லை. சந்தையிலும் தெருவிலும் நின்று, வீரம் என்றால் என்ன, நீதி என்றால் என்ன என்று எதிர்ப்பட்டவரை வினவினார். தமக்கு எல்லாம் தெரியும் என்றிருந்தோர்க்குத் தெரியாததைத் தெரிவித்தார். அதனால் பகை வளர்ந்தது. இளைஞரைக் கெடுத்தார், நகரத் தெய்வங்களை மதிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டி, கி. மு. 399இல் எழுபது வயது முதியவராகிய அவருக்கு நஞ்சு கொடுத்தனர். சிறையிலிருந்து தப்பிச் செல்ல நண்பர் வழி செய்தும் அவர் இசையவில்லை. இதுகாறும் எந்நாட்டின் சட்டத்தின் கீழ் வாழ்ந்தேனோ, அதனைத் துன்பம் வந்த அன்று மீறுவது அறமாகாது என்பது அவர் கருத்து.

அவர் மாணவர் பிளேட்டோ, ஆசிரியரின் உரையாடல்களை நூலாக்கினார். அக்காடமி என்னும் கழகத்தையும் நிறுவினார். பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில், அறிவுத் துறைகள் அனைத்தையும் வகைப்படுத்தினார். அறிதற்குரியவை, ஒழுகுதற்குரியவை, ஆக்குதற்குரியவை என்று மூன்றாகப் பகுத்து, தருக்கம், உயிர் நூல், அரசியல், நாடகம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தார். இப்பகுப்பைப் பின்னர் ஓரிடத்தில் நினைவுகூர வேண்டியிருக்கும்.

கி. மு. 300ஐ ஒட்டி, ஏதென்ஸில் ஓவியம் தீட்டிய நெடுந்தாழ்வாரம் ஒன்றில் சீனோ என்பவர் பாடம் சொல்லத் தொடங்கினார். தாழ்வாரத்திற்குக் கிரேக்கத்தில் ஸ்டோவா என்று பெயர். அதனால் அவர் வழியினர் ஸ்டோயிக்கர் எனப்பட்டனர். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களை அறிந்தோர்க்கு இது வியப்பாய்த் தோன்றாது. சீனோவும் ஏதென்ஸ் நகரத்தவர் அல்லர்; சைப்ரஸ் தீவிலிருந்து வந்து குடியேறியவர். எல்லா மக்களும் ஓர் உலக நகரின் குடிகளே என்பது இவர்தம் கொள்கைகளுள் ஒன்று. எல்லா ஊரும் நம் ஊரே, எல்லாரும் நம் சுற்றத்தாரே என்று கணியன் பூங்குன்றனார் புறநானூற்றின் 192ஆம் பாட்டில் வைத்த கருத்தும் இதுவே அன்றோ!

உரோமில் நிகழ்ந்த மொழிப் போராட்டம்

கிரேக்க நாட்டை உரோமர் வென்றனர். ஆனால் கல்வியில் கிரேக்கரே உரோமர்க்கு ஆசிரியராயினர். உயர்குடி உரோமர் தத்துவத்தைக் கிரேக்க மொழியிலேயே கற்றனர். தம் தாய்மொழியாகிய இலத்தீன் போர் முனைக்கும் வழக்குமன்றத்துக்கும் ஏற்றது, மெய்ப்பொருளுக்குப் போதாது என்று கருதினர். இந்நிலையை மாற்ற முனைந்தவர் சிசரோ.

அவர் பெரும் வழக்கறிஞர், அரசியல் தலைவர். கி. மு. 45இல் அவருடைய அருமை மகள் துல்லியா இறந்தாள். அரசியலிலும் அவர்க்கு இடமில்லாது போயிற்று. அத்துயரத்தில் நாட்டுப்புற மனையில் தங்கி, ஏறத்தாழ இரண்டாண்டுக்குள் கிரேக்க மெய்ப்பொருள் முழுவதையும் இலத்தீனில் எழுதத் துணிந்தார். அவர் நூல் ஒன்றில், வாரோ என்னும் புலவர் ஒரு தடை எழுப்புகிறார்: கிரேக்கம் கற்றவர் மூல நூலையே படிப்பர், கல்லாதவரோ இப்பொருளையே விரும்பார், ஆகவே இலத்தீனில் எழுதுவது யாருக்காக? இன்று நம் குடியிருப்பில் எழும் அதே வினா, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமில் எழுந்திருக்கிறது! கிரேக்க நாடகங்களை இலத்தீனில் ஆக்கிய புலவரை விரும்பிப் படிக்கும் மக்கள், தத்துவத்தையும் தம் மொழியில் தந்தால் ஏன் படிக்கமாட்டார்கள் என்பது சிசரோவின் விடை.

சொல் இல்லாத இடத்தில் அவர் சொல் படைத்தார். பொருளின் தன்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நேராகக் குவாலிடாஸ் என்றார். ஒழுக்கம் பற்றியது என்னும் பொருளில் மொராலிஸ் என்றார். கேட்டவர் அன்று நகைத்திருக்கக் கூடும். ஆயினும் இன்று நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கூறும் குவாலிட்டி, மாரல் என்னும் சொற்கள் அவர் வைத்த வித்தினின்று முளைத்தவையே. ஒரு மொழியில் ஒரு பொருளுக்குச் சொல் இல்லை என்பது அம்மொழியின் குறையன்று. அதனைப் பேசுவோர் இன்னும் அப்பணியைத் தொடங்கவில்லை என்பதே பொருள்.

பின்னர் உரோமப் பேரரசில் ஸ்டோயிக்க நெறி தழைத்தது. அதனை விளக்கியோருள் எபிக்டீடஸ் அடிமையாய் இருந்தவர். மார்க்கஸ் அரேலியஸோ கி. பி. 161 முதல் 180 வரை ஆண்ட பேரரசர். நம் ஆற்றலுக்கு உட்பட்டவை சில, உட்படாதவை சில. நம் எண்ணமும் செயலும் நம் வசத்தவை. உடலும் செல்வமும் பதவியும் புகழும் அல்ல. இவ்வேறுபாட்டை அறிந்தவனே விடுதலை பெற்றவன் என்பது எபிக்டீடஸின் போதனை. பேரரசரும் போர்ப்பாசறையில் இருந்துகொண்டு தம் நெஞ்சுக்குத் தாமே எழுதிக்கொண்ட குறிப்புகளில் இதையே நினைவூட்டிக்கொண்டார். அடிமைக்கும் அரசனுக்கும் ஒன்றுபோல் பயன்பட்ட கல்வி, மாத ஊதியக்காரர்க்கு மட்டும் பயன்படாதோ? இடமாற்ற உத்தரவு நம் கையில் இல்லை. போன இடத்தில் நேர்மையாய்ப் பணி செய்வது நம் கையில் இருக்கிறது.

அரபிக்கடல் ஓரத்தில் ஓர் ஆசிரியர்

சிசரோ இலத்தீனுக்குச் செய்ததைப் போன்றதொரு தொண்டைத் தமிழுக்குச் செய்தவர் நம் நாட்டில் உண்டா? உண்டு. அவரும் நம்மைப்போலவே தமிழகத்துக்கு வெளியே குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரே பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை.

அவர்தம் முன்னோர் மதுரைப் பக்கத்தவர். 1855இல் ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மாள். கற்றது திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில். 1834இல் பள்ளியாகத் தொடங்கி, 1866இல் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் அது. இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி அதுவே. அங்கு டாக்டர் ராபர்ட் ஆர்வி என்னும் மேனாட்டுப் பேராசிரியரிடம் மெய்ப்பொருளியல் பயின்றார். 1876இல் பி. ஏ. பட்டமும் 1880இல் எம். ஏ. பட்டமும் பெற்றார். இடையில் திருநெல்வேலியில் பள்ளித் தலைமை ஆசிரியராகவும், பின்னர்த் திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையிலும் பணியாற்றி, 1885இல் ஆர்வியின் இடத்தில் மெய்ப்பொருளியல் பேராசிரியராய் அமர்ந்தார். 1897இல் தம் 42ஆம் வயதில் மறையும்வரை அப்பணியில் இருந்தார்.

அவர் வகுப்பில் பயிற்று மொழி ஆங்கிலம். பாடம் கிரேக்கத்தில் வேர்கொண்ட மேனாட்டுத் தத்துவம். வெளியில் ஊர் மொழி மலையாளம். தமிழை மறந்துவிட இதனினும் வாய்ப்பான சூழ்நிலை வேறு வேண்டுமோ? அவர் மறக்கவில்லை. கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு நம் நாட்டு மெய்ப்பொருளையும் பயின்றார். 1885இல் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபை தோன்றக் காரணமாயிருந்தார். 1888இல் நூற்றொகை விளக்கம் என்னும் சிறு நூலை வெளியிட்டார். உலகிலுள்ள அறிவுத் துறைகளை எல்லாம் வகுத்தும் தொகுத்தும் காட்டும் நூல் அது. அரிஸ்டாட்டில் தொடங்கிவைத்த அறிவுப் பகுப்பு என்னும் பணியைத் தமிழ்ச் சூத்திர நடையில் அமைத்துத் தந்த பெருமை அவருடையது. பழைய இலக்கண நூலாரின் சூத்திரமும் உரையும் புதிய கருத்தைத் தாங்க வல்லவை என்பதை அந்நூல் மெய்ப்பித்தது.

சாக்ரடீஸின் முறையும் அவர்பால் இருந்தது. வழிவழி வந்த கூற்று என்பதற்காக எதையும் ஏற்காமல், சான்று யாது என்று வினவினார். திருவிதாங்கூர் மன்னர் சிலரின் வரலாற்றைக் கல்வெட்டுகளைக் கொண்டு ஆராய்ந்து எழுதினார். திருஞானசம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டதன்று என்று சான்றுகளுடன் நிறுவினார். தம் சமயத்தின் பெரியார் ஒருவரைப் பற்றியே ஆனாலும், பத்தி ஒருபுறம், ஆராய்ச்சி ஒருபுறம் என்று இரண்டையும் குறைவின்றிப் பேணினார்.

ஒரு கதையின் நெடும்பயணம்

1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகமே அவர் பெயரை நிலைநிறுத்தியது. அக்கதை வந்த வழி வியப்புக்குரியது. ஓர் அரசகுமாரனும் அரசகுமாரியும் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே கனவிற் கண்டு காதலிக்கும் கதை அது. ஆசிய மக்களிடையே வழங்கிய இக்கதையை, மாவீரர் அலெக்சாந்தரின் அரண்மனையில் இருந்த காரிஸ் என்னும் கிரேக்கர் எழுதிவைத்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அத்தினேயஸ் என்னும் கிரேக்க ஆசிரியர் அதனைத் தம் நூலில் எடுத்தாண்டார். 1866இல் இங்கிலாந்தில் லிட்டன் பிரபு அதனைக் கவிதையாக்கி, மிலேத்து நகரின் மறைந்த கதைகள் என்று பெயரிட்ட தொகுதியில் சேர்த்தார். தேல்ஸ் பிறந்த அதே மிலேத்துவின் பெயர்! அங்கிருந்து இருபத்தைந்து ஆண்டில் அது திருவனந்தபுரம் வந்து தமிழாயிற்று.

வந்த கதை வந்தபடியே இருக்கவில்லை. பழைய நாளில் அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்திக்கும் ரயில் நிலையங்களில், ஒரு வண்டியின் சரக்கை இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றுவர். சரக்கு அதுவே, ஓடும் பாதை வேறு. சுந்தரனார் செய்ததும் அதுவே. அரசன் பாண்டியன் சீவகன் ஆனான். காதலன் சேரன் புருடோத்தமன் ஆனான். போருக்குக் காரணமாய் நின்றது நாஞ்சில் நாடு. நமக்கு அண்மையிலுள்ள அந்நாஞ்சில் நாட்டைச் சேரரும் பாண்டியரும் தமதென்று வழக்காடும் காட்சியை நம் பகுதி மக்கள் படித்தால், ஏடு தம் வீட்டு முற்றத்தில் விரிந்ததுபோல் உணர்வர். தத்துவமும் அதில் உண்டு. நடராசன் என்னும் இளைஞன் வயல்வெளியில் நின்று, சிறு புல்லையும் மண்ணைப் பண்படுத்தும் நாங்கூழ்ப் புழுவையும் நோக்கி வியந்து, உலகில் பயனின்றிப் பிறந்த உயிர் எதுவுமில்லை என்று சிந்திக்கும் பகுதி, தேல்ஸ் நீரை நோக்கிச் சிந்தித்ததற்கு எவ்வகையிலும் இளைத்ததன்று.

அவர் நன்றி மறவாதவர். நாடகத்தைத் தம் ஆசிரியர் ஆர்விக்கே உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த இடத்திற்கும் ஆர்விபுரம் என்று பெயரிட்டார். ஆங்கில ஆசிரியர்க்கு நன்றி, நூலோ தமிழில். இரண்டும் ஒரு நெஞ்சில் இடர்ப்பாடின்றி இருந்தன. அந்நாடகத்தின் முகப்பில் அவர் பாடிய தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியையே 1970 முதல் தமிழ்நாட்டரசு தமிழ்த்தாய் வாழ்த்தாகக் கொண்டுள்ளது. நம் விழாக்களில் நாம் எழுந்து நின்று பாடும் பாட்டு, திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒரு தத்துவ ஆசிரியரின் பாட்டு என்பதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவர்?

தொடர்ந்து வந்தோர்

சுந்தரனார் இட்ட வழியில் பின்னும் பலர் நடந்தனர். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய இந்தியர்க்காகப் போராடிய காந்தியடிகள், 1908இல் சாக்ரடீஸின் வழக்குமன்ற உரையை ஒரு சத்திய வீரனின் கதை என்று தம் தாய்மொழியாகிய குஜராத்தியில் எழுதி வெளியிட்டார். 1910இல் பம்பாய் அரசு அந்நூலைத் தடை செய்தது. தாய்மொழியில் வந்த தத்துவத்திற்கு ஆட்சியாளர் அஞ்சினர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இராஜாஜி, சாக்ரடீஸைப் பற்றியும் மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளைப் பற்றியும் தமிழில் எழுதினார். வெ. சாமிநாத சர்மா, பிளேட்டோவின் அரசியல் நூலைத் தமிழாக்கினார். சர்மாவும் புலம்பெயர்ந்து வாழ்ந்தவரே. 1932 முதல் பத்தாண்டு இரங்கூனில் இருந்து, அங்குள்ள தமிழர்க்காக ஜோதி என்னும் இதழை நடத்தி, 1942இல் போர் மூண்டபோது பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பெற்றுள்ளன.

கல்லாதாரிடமும் சாக்ரடீஸ் சென்று சேர்ந்தார். 1956இல் வந்த ராஜா ராணி திரைப்படத்தில், மு. கருணாநிதி எழுதிய சாக்ரடீஸ் ஓரங்க நாடகத்தைச் சிவாஜி கணேசன் நடித்தார். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள்தான் மாநில எல்லை வகுக்கப்பட்டு, விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் அப்பக்கமும், பாறசாலையும் கொல்லயிலும் அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா இப்பக்கமும் ஆயின. எல்லைக் கல்லுக்கு இருபுறமும் அப்படம் ஒரே தமிழில் பேசிற்று.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது ஒன்றே. வேற்று நாட்டு அறிவைக் கற்பது தாய்மொழிப் பற்றுக்குப் பகையன்று. கற்றதைத் தாய்மொழியில் சொல்லிப் பாராமல் விட்டுவிடுவதே பகை. சிசரோ கிரேக்கத்தை வெறுக்கவில்லை. சுந்தரனார் ஆங்கிலத்தை வெறுக்கவில்லை. இருவரும் கற்றதை வீட்டுக்குக் கொணர்ந்தனர்.

நம் வீடுகளிலும் இது இயலும். கல்லூரியில் தத்துவமோ வரலாறோ அறிவியலோ பயிலும் மகனையும் மகளையும், இன்று கற்றது யாது என்று கேட்டு, அதனைப் பாட்டியும் விளங்கிக்கொள்ளும் தமிழில் சொல்லுமாறு பணிக்கவேண்டும். தமிழ்ச் சொல் கிடைக்காவிடின் தேடட்டும்; அகராதியைப் புரட்டட்டும்; ஒன்றை ஆக்கியும் பார்க்கட்டும். அவ்வாறு சொல்ல இயலாத இடமே தமக்கு விளங்காத இடம் என்பதை அவர்களே உணர்வர். நம் சங்கத்தினரும் மாதம் ஒருமுறை கூடி மனோன்மணீயத்தில் ஓர் அங்கத்தையோ, சாமிநாத சர்மாவின் நூலில் ஓர் இயலையோ படித்து உரையாடலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு திண்ணையும் நாலு பேரும் போதும். சீனோவும் தாழ்வாரத்தில்தான் தொடங்கினார்.

வந்து குடியேறிய மக்கள் தம் மொழியைக் காப்பது வேலி கட்டுவதால் அன்று, அதில் புதியன விளைவிப்பதால் என்பதை ஆலப்புழையில் பிறந்த அப்பெருமகனார் வாழ்ந்து காட்டினார். அவ்வழி நம் பிள்ளைகட்கும் உரியதாகுக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!